கழுத்தளவுத் தண்ணீரில் கரையாத கொழுப்பு

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் குண்டாக இருந்தேன். குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் போலத்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. பர்மா கைவிட்டுப் போய், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசியும் நின்றுபோய், ரேஷன் கடை வாசலில் ஊரே கால்கடுக்க நின்ற காலம் அது. அந்த வரிசையில் நான் போய் நின்றால் முன்னால் நிற்பவர்கள் திரும்பி என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், வயிற்றைப் பார்ப்பார்கள். ஒருநாள் ஒரு அம்மாள் வாய்விட்டே கேட்டுவிட்டாள். "வாத்தியாரே, நீங்களும் இந்தக் கார்டு அரிசியத்தான் சாப்பிடுறீகளா?" நானும் அதைத்தான் சாப்பிட்டேன். என் அப்பா குண்டு, சித்தப்பா குண்டு, அத்தைகள் மூன்று பேரும் குண்டு. பட்டினி போட்டாலும் எங்கள் குடும்பத்துச் சதை வீட்டை விட்டுக் கிளம்பாது. இதையெல்லாம் ரேஷன் வரிசையில் நின்றுகொண்டு யாருக்கு விளக்குவது?

திருமயத்துக்குப் பக்கத்தில், வியாபாரக் குடும்பங்கள் நிறைந்த ஒரு ஊரில் அப்போது பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். தற்காலிக வாத்தியார். மூன்று வருஷமாகத் தற்காலிகம். பள்ளிக்கூடத்தை நடத்தியவர் பர்மாவில் கடை வைத்திருந்து, அங்கே குண்டு விழ ஆரம்பித்ததும் உயிர் பிழைத்து ஊர் வந்து சேர்ந்த ஒரு பெரியவர். நாங்கள் அவரை நிர்வாகி என்றே சொல்வோம். பூண்டைக்கூட வீட்டுக்குள் சேர்க்காத சைவம். அவர் அந்த ஐப்பசியில் என்னைக் கூப்பிட்டு, தை மாசத்திலிருந்து வேலையை நிரந்தரமாக்குகிறேன், புதுக்கோட்டைக்குப் போய் உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டரிடம் ஒரு சர்ட்டிபிகேட் மட்டும் வாங்கி வாருங்கள் என்றார்.

வேலை நிரந்தரமாகாவிட்டால் நான் போகவேண்டிய இடம் எனக்குத் தெரியும். காரைக்குடியில் என் அண்ணன் வைத்திருந்த பலசரக்குக் கடை. அங்கே அண்ணன் கண்ணெதிரே உட்கார்ந்து புளியைப் பொட்டலம் கட்ட வேண்டும், என் மனைவி அண்ணியின் அடுப்படியில் காலம் தள்ள வேண்டும். கல்யாணமாகி முதல் இரண்டு வருஷம் அப்படித் தள்ளியவள் அவள். புதுக்கோட்டைக்கு நான் கிளம்பிய அன்று, "என்ன ஆனாலும் சரிங்க, அந்த அடுப்படிக்கு மட்டும் என்னயத் திரும்பக் கூட்டிக்கிட்டுப் போயிராதீங்க" என்றாள். அவள் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். அதனால் அந்த ஒரு பேச்சு பஸ்ஸில் வழியெல்லாம் என் காதிலேயே இருந்தது.

டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். தராசில் ஏறச் சொன்னார், இறங்கச் சொன்னார், தராசையும் ஒருமுறை குனிந்து பார்த்தார். "இதயத்தைச் சுத்திக் கொழுப்பு கட்டியிருக்கு. இருபது பவுண்டு கொறைச்சுக்கிட்டு தையில வாங்க, கையெழுத்துப் போடுறேன்" என்றார். இதைச் சொல்லும்போது அவருடைய வயிறு மேஜையில் முட்டி, மசிக்கூடு கொஞ்சம் நகர்ந்தது. டாக்டர்களுக்குச் சர்ட்டிபிகேட் யார் கொடுக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்காமல் வந்துவிட்டேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஒருவர் இருந்தார். அவர் உடம்பில் கொழுப்பைத் தேடிக் கண்டுபிடிக்க பூதக்கண்ணாடி வேண்டும். புதுக்கோட்டை வாசகசாலைக்குப் போய் சீமைப் பத்திரிகைகளைப் புரட்டிவிட்டு வருவார், வந்ததும் யாரையாவது பிடித்து உட்காரவைத்து உலகத்தைத் திருத்துவார். நான் வகையாக அகப்பட்டேன்.

"ஒடம்புங்கிறது அடுப்பு சார்" என்று ஆரம்பித்தார். "கொழுப்பு வெறகு. வெளிய குளிர் அடிச்சா உள்ள சூடு வேணும்ல? அப்ப ஒடம்பு தன்னோட வெறக தானே எடுத்து எரிக்கும். எரிஞ்சா நீங்க எளைச்சிருவீங்க. ஆனா சும்மா கெடக்குற வெறகு தானாவா எரியும்? பத்தவைக்கணும்ல? அதுக்குத்தான் வைட்டமின்."

"சுடுசோறு சாப்பிட்டாலும் சூடுதானே சார்?"

"அது வெளிச் சூடு. நமக்கு வேண்டியது உள்சூடு" என்று கையை உயர்த்தி என்னை அடக்கிவிட்டார். வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் வெந்நீரில் குளிக்கிறவர் அவர். சித்திரை வெயிலிலும் அவர் வீட்டுக் கொல்லையில் வெந்நீர் அடுப்பு புகையும்.

குளிருக்கு எங்கே போவது என்பது அடுத்த பிரச்சினை. எங்கள் சீமையில் எதற்கு வேண்டுமானாலும் தட்டுப்பாடு வரும், வெயிலுக்கு வராது. குளிர் என்று எங்களுக்கு வாய்த்தது மார்கழியில் விடிவதற்கு முன்னால் ஒன்றிரண்டு மணி நேரம்தான். அந்த நேரத்தில் கோயில் குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும் என்று விஞ்ஞான வாத்தியார் தீர்ப்புச் சொன்னார். அசைந்தால் என்ன என்றேன். அசைந்தால் வருவது கை கால் சூடு, அது கணக்கில் சேராது என்றார்.

வைட்டமினுக்கும் அவரே வழி சொன்னார். யுத்தத்தால் சீமை மீனெண்ணெய் பாட்டில் வருவது நின்றுபோயிருந்தது. மீமிசல் பக்கம் கடற்கரையில் சுறாவின் ஈரலை உருக்கி எண்ணெய் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆள் விட்டு ஒரு பாட்டில் வரவழைத்துக் கொடுத்தார். நான் தலைமுறை தலைமுறையாகச் சைவம். மீன் வண்டி தெருவில் போனால் மூக்கைப் பொத்துகிற குடும்பம். அந்த எண்ணெயை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கரண்டி விழுங்கிய முதல் நாள், என் முன்னோர்கள் அத்தனை பேரும் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பாட்டிலைத் துணியில் சுற்றி, பழைய பரீட்சைத் தாள்களுக்கு நடுவே அலமாரியில் ஒளித்துவைத்தேன். மனைவிக்கு மட்டும் தெரியும். "வேலை கெடைக்கட்டும், அப்பறம் காசிக்குப் போயி முழுகிக்கலாம்" என்றாள்.

மார்கழி முதல் தேதி, போன வருஷத்துத் தண்ணீர் கொஞ்சம் மிஞ்சியிருந்த குளத்தில் இறங்கினேன். அந்தக் குளிரை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. முதலில் கால் விரல்கள் யாருடையவோ ஆகிவிட்டன. பிறகு முழங்கால் போனது. பற்கள் அடித்துக்கொண்ட சத்தத்தில் படித்துறையில் தூங்கிய நாய் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தது. அடுப்பு எரிகிறதா என்று உள்ளே கவனித்தேன். ஒன்று எரிந்தது, அது பசி. கரையேறி வீட்டுக்குப் போனதும் வாசலிலேயே, "சன்னி கண்டுரும்ங்க, மொதல்ல இதக் குடிங்க" என்று மனைவி சுக்குக் கஷாயத்தில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு நீட்டினாள். பின்னாலேயே உளுந்தங்களி வந்தது, அதன் நடுவில் குழி தோண்டி நல்லெண்ணெய் விட்டிருந்தது. குளிரில் கரைந்த கொழுப்பு எவ்வளவோ எனக்குத் தெரியாது, களியில் சேர்ந்தது நன்றாகத் தெரிந்தது. அவளைத் தடுக்க எனக்கு மனசும் இல்லை, நாக்கும் இடம் கொடுக்கவில்லை.

அந்த வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சித்தன்னவாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். குகையின் மேற்கூரையில் தாமரைக் குளம் தீட்டியிருக்கும். மீன் இருக்கும், வாத்து இருக்கும். "குளத்துக்குள்ள யானை எங்க நிக்கிதுன்னு பாருங்க" என்றார் விஞ்ஞான வாத்தியார். பிள்ளைகளில் பாதிப் பேர் மேலே பார்த்தார்கள். மீதிப் பேர் என்னைப் பார்த்தார்கள்.

ஊர் என்னை வேறு விதமாகப் பார்க்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அந்த வருஷம் ஐப்பசி பொய்த்தது, கார்த்திகையும் பொய்த்தது. கதிர் பிடிக்கவேண்டிய பயிர் வெடித்த வயலில் மஞ்சளாக நின்றது. மழை அடியோடு ஏமாற்றினால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையார் கோயில் கருவறை வாசலை அடைத்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, பிள்ளையாரைக் கழுத்துவரை முக்கிவிடுவார்கள். அவருக்கு மூச்சு முட்டினால் மழைக்குச் சொல்லி அனுப்புவார் என்று நம்பிக்கை. அந்த வருஷம் கிணறுகளில் இருந்ததே அடித் தண்ணீர் என்பதால் யாருக்கும் குடம் குடமாக ஊற்ற மனசு வரவில்லை. அந்தச் சமயம் பார்த்து, பானை வயிறும் தொங்கு கன்னமுமாக ஒரு சைவ வாத்தியார், இருட்டோடு இருட்டாக வந்து, தானாகவே கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடி உட்கார்ந்தால் ஊர் என்ன நினைக்கும்?

நினைத்தே விட்டது. ஏழாம் நாள் கண்ணைத் திறந்தபோது படித்துறையில் பத்துப் பதினைந்து பேர் கைகூப்பி நின்றார்கள். ஒருவர் சூடம் கொளுத்தினார். "அய்யா நமக்காகத் தவம் இருக்காக" என்று ஒரு கிழவர் மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இல்லை, இது என் உடம்புக்காக என்று சொல்ல வாயைத் திறந்தேன். பற்கள் அடித்துக்கொண்டதில் வார்த்தை வரவில்லை. அதையும் மந்திரம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து பால் வந்தது, பழம் வந்தது. ரேஷன் வரிசையில் என் வயிற்றைப் பார்த்த அதே அம்மாள் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து, மறுத்தால் மழைக்கு ஆகாது என்று கெஞ்சினாள். மழையைக் கெடுக்க நான் யார்? சாப்பிட்டேன். கடலை மண்டித் தராசில் விஞ்ஞான வாத்தியார் ரகசியமாக என்னை நிறுத்துப் பார்த்தார். ஆறு பவுண்டு ஏறியிருந்தது. "அடுப்பு இப்பத்தான் பத்துது சார். முதல்ல வெறகு சேரும்" என்றார். அவரை அங்கேயே மூட்டையோடு மூட்டையாகக் கட்டிவைக்க எனக்குக் கை துறுதுறுத்தது.

நிர்வாகி குளத்துக்கே வந்துவிட்டார். வேட்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கடைசிப் படியில் நின்று, "சர்ட்டிபிகேட்டெல்லாம் கெடக்கட்டும். ஒங்க மாதிரி ஒரு சுத்த சைவம் இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கெடைக்கணுமே. தை ஒண்ணாந் தேதி ஆர்டர் ஒங்க கையில இருக்கும்" என்றார். நான் தண்ணீருக்குள் இருந்தபடியே கும்பிட்டேன். இருபது பவுண்டு குறைக்காமலேயே, ஆறு பவுண்டு ஏற்றியே வேலை கைக்கு வந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் மனைவி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். அந்தப் பொய்யை அதற்காகவே எத்தனை மார்கழி வேண்டுமானாலும் உட்கார்ந்து காப்பாற்றலாம் என்றுதான் அன்று நினைத்தேன்.

குளத்துக்குக் கீழே கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிட்ட ஒரு விவசாயி இருந்தார். அவர் தினமும் ஒரு செம்பு பால் கொண்டுவருவார். விலா எலும்புகளை எண்ணிவிடலாம், அப்படி ஒரு உடம்பு. ஒருநாள் அவர் மனைவியும் கூட வந்தாள். பிள்ளை பெற்று மூன்று மாசம் ஆனவள், என்னைக் கும்பிட வேண்டும் என்று வந்திருந்தாள். புருஷனுடைய துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கியவள் கால் வைக்குமிடம் தெரியாமல் சறுக்கி விழுந்தாள். செம்பு உருண்டது, பால் முழுதும் படியில் போனது.

"மாலக்கண்ணுங்கய்யா" என்றார் அவர், தானே தப்புச் செய்துவிட்டது போல. "பொழுது சாஞ்சா விடியுற மட்டும் ஒண்ணுந் தெரியாது இவளுக்கு. புள்ள எங்க கெடக்குன்னு தடவித்தான் எடுப்பா. போன வாரம் அடுப்புல கைய வச்சுட்டா." அவள் துணி சுற்றிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

நான் குளிரில் விறைத்து உட்கார்ந்திருந்தேன். மாலைக்கண் எதனால் வருகிறது என்று எனக்குத் தெரியும். சுகாதாரப் பாடப் புத்தகத்தில் இருந்தது. ஐந்தாம் வகுப்புக்கு நானே வாசித்துக் காட்டி, கேள்வி பதில் எழுதிப் போட்டிருக்கிறேன். கீரையும் பாலும் நெய்யும் இல்லாத உடம்புக்கு ஒரு வைட்டமின் குறைந்துபோகும், மீனெண்ணெய் கொடுத்தால் தீரும். பாலைக் கறந்து எனக்குக் கொடுத்துவிட்டு இவள் இருட்டில் பிள்ளையைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டிய எண்ணெய் என் பரீட்சைத் தாள்களுக்கு நடுவே இருந்தது.

உடனே எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. இரண்டு நாள் கொடுக்கவில்லை. பாட்டிலை வெளியே எடுத்தால் அந்த நாற்றம் ஊரைக் கூட்டும். சுத்த சைவம் சுறா ஈரல் குடித்த கதை நிர்வாகி காதுக்குப் போகும். போனால் தையில் ஆர்டர் இல்லை, காரைக்குடிதான். இரண்டாம் நாள் மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பில் எரிந்த விறகை வெளியே இழுத்துப் போட்டாள். பிறகு, "அடுப்புலயா கைய வச்சா?" என்று கேட்டாள். எழுந்து போய்ப் பாட்டிலை அவளே எடுத்துவந்தாள்.

மறுநாள் விடியற்காலை படித்துறையில் அந்த விவசாயியிடம் பாட்டிலைக் கொடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இது மீனெண்ணெய், இதை நான்தான் குடித்தேன், இங்கே உட்கார்ந்தது மழைக்காக இல்லை, உடம்பில் இருக்கிற கொழுப்பைக் கரைக்க. ஒங்க பாலைக் குடிச்சதுக்கு என்னய மன்னிச்சிருங்க என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குக் கோபம் வரவில்லை, புரியவில்லை. பாட்டிலையும் என் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கொழுப்பக் கரைக்கவா?" என்றார். "அதக் கொஞ்சம் ஒடம்புல பாக்கத்தானய்யா நாங்க மழையவே கேக்குறோம்."

அவர் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அதன் பிறகு குளத்தில் இறங்க எனக்கு வெட்கமாக இருந்தது, இறங்கவில்லை. வாத்தியாருக்குக் காய்ச்சல் என்று என் மனைவி ஊருக்குச் சொல்லி அனுப்பினாள்.

அந்த விவசாயி யாரிடமும் மூச்சு விடவில்லை. அவர் மனைவியால் அது முடியவில்லை. பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், இருட்டத் தொடங்கிய நேரத்தில் தொட்டிலில் கிடந்த பிள்ளையின் முகம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தாளாம். "வாத்தியாரய்யா குடுத்த மீனெண்ணெயில எனக்குக் கண்ணு தெரியுது, அவுக குடிச்சிக்கிட்டிருந்தத எனக்குக் குடுத்துட்டாக" என்று வீடு வீடாகச் சொல்லிக் கும்பிட்டாளாம். என்னை இவ்வளவு மனசார யாரும் வாழ்த்தியதில்லை, இவ்வளவு முழுசாக யாரும் கவிழ்த்ததும் இல்லை.

ஊர் உடனே கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டது. மழை ஏன் வரவில்லை என்பதற்கு இரண்டு மாசமாகத் தேடிய காரணம் கிடைத்துவிட்டது. நிர்வாகி கூப்பிட்டு அனுப்பினார்.

"குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"குடிச்ச வாயோட கோயில் கொளத்துல எறங்கியிருக்கீங்க. வர்ற மழையும் திரும்பிப் போயிருச்சே!"

விஞ்ஞான வாத்தியார் பக்கத்தில்தான் நின்றார். அவரைப் பார்த்தேன். "நான் பொதுவா விஞ்ஞானம் பேசினேன். தனிப்பட்ட முறையில யாரையும் குடிக்கச் சொல்லல" என்றார். தையில் என் இடத்துக்கு வந்தவர் நல்ல ஒல்லி, விஞ்ஞான வாத்தியாருடைய மைத்துனர்.

வெகு காலம் கழித்து, குளிர் பட்டால் உடம்பில் ஒரு வகைக் கொழுப்பு தன்னையே எரித்துச் சூடு உண்டாக்கும் என்று பத்திரிகையில் படித்தேன். ஆக அந்த மனிதர் முழுப் பொய்யர் இல்லை. உளுந்தங்களியையும் சர்க்கரைப் பொங்கலையும் எந்தச் சீமைப் பத்திரிகையும் கணக்கில் சேர்த்திருக்காது, அவ்வளவுதான்.

வேலை இல்லை என்றானதும் மனைவியைச் சாமான்களோடு வண்டியில் முன்னால் அனுப்பிவிட்டேன். ஏறும்போது அவள், "அண்ணி வீட்டு அடுப்பும் பாத்தா அடுப்புத்தான" என்றாள். எனக்குச் சொன்ன ஆறுதல் அது. சாவியை ஒப்படைத்துவிட்டு, பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியைப் போட்டு ஓட்டிய கடைசி பஸ்ஸைப் பிடிக்க டிரங்குப் பெட்டியோடு நான் கிளம்பியபோது பொழுது இறங்கிவிட்டது. தெருவில் இருந்தவர்கள் வீட்டுக்குள் போய்க்கொண்டார்கள். பொங்கல் கொடுத்த அம்மாள் கதவைச் சாத்தினாள். குளத்துக்குள் இறங்கிக் குறுக்கே போனால் ரோடு பக்கம். தண்ணீர் வற்றி, நான் உட்கார்ந்திருந்த இடமெல்லாம் காய்ந்து கிடந்தது. கீழே பார்க்காமல் விடுவிடென்று நடந்தேன்.

"வாத்தியாரய்யா! அங்கிட்டுப் போகாதீங்க! வண்டல் அள்ளி ஆளொசரத்துக்குக் குழி வெட்டிப் போட்டிருக்காக. இங்கிட்டு வாங்க!"

நின்றேன். நான்கு எட்டுக்கு முன்னால் குழி இருந்தது. குனிந்து உற்றுப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. நிமிர்ந்தால், குளத்தின் அந்தக் கரையில், நல்ல இருட்டில், இடுப்பில் பிள்ளையோடு அவள் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.